இரும்பா, செல்லா?

சுண்டெலியின் மூளையில் மனித ஸ்டெம் செல்களைச் செலுத்திவிட்டு, அவை எங்கே போகின்றன என்று எம்ஆர்ஐயில் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. செல் தானாக ஸ்கேனில் தெரியாது. அதனால் ஊசி போடும் முன்பே இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்களை அதற்கு ஊட்டி வைப்போம். இரும்பு பக்கத்துக் காந்தப்புலத்தைக் கலைக்கும்; படத்தில் அந்த இடம் கறுத்துவிடும்.

மறுநாள் கரும்புள்ளி. மூன்றாவது வாரமும் அதே இடத்தில் கரும்புள்ளி. செல்கள் பிழைத்துவிட்டன என்று வாராந்தரக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்புறம் திசுவைச் சீவி, இரும்பைக் காட்டும் பிரஷ்யன் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தோம். நீலம் இருந்தது, ஆனால் எலியின் சொந்த மேக்ரோஃபேஜ்களுக்குள், அதாவது செத்த செல்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்குள். மனிதப் புரதத்தைத் தேடிய சாயம் ஏறக்குறைய எதிலும் ஒட்டவில்லை. எங்கள் செல்கள் எப்போதோ செத்து, அவை விட்டுப்போன இரும்பை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி வைத்திருந்தன. நான் மூன்று வாரம் கொண்டாடியது அதைத்தான்.

பிறகு லூசிஃபெரேஸ் (மின்மினியை ஒளிரவைக்கும் வகை நொதி) மரபணு சேர்த்த செல்களுக்கு மாறினோம். உயிரோடு இருக்கும் செல்தான் ஒளிரும், செத்தால் இருட்டு. ஆனால் அந்த ஒளி சில சென்டிமீட்டர் திசுவைக்கூடத் தாண்டாது. எலிக்குச் சரி, மனிதருக்கு உதவாது. செல்லுக்குள் ஏற்றி, வரும் கதிர்வீச்சை வெளியிலிருந்து படம்பிடிக்கும் கதிரியக்க இண்டியம்-111 மனிதரிடமும் வேலை செய்யும். அதன் அரை ஆயுள் 2.8 நாள் என்பதால் மாதக்கணக்கில் பின்தொடர முடியாது. அதுவும் செத்த செல்லிலிருந்து கசியும் என்பது தனித் தலைவலி.

அதற்காக இரும்பை ஒதுக்கவும் மனம் வரவில்லை. 2005இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களின் நிணநீர் முடிச்சுக்குள், இரும்பு ஊட்டிய டென்ட்ரிடிக் செல்களை (நோயெதிர்ப்பைத் தூண்டும் செல்கள்) அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே செலுத்தினார்கள். எட்டுப் பேரில் நான்கு பேருக்குத்தான் அந்தச் செல்கள் முடிச்சுக்குள் போயிருந்தன என்பதை எம்ஆர்ஐ காட்டியது. ஊசி எங்கே போனது என்று அன்றே கேட்டால் இரும்பு நேர்மையாகப் பதில் சொல்லும். பிழைத்ததா என்று மூன்று வாரம் கழித்து அதனிடம் கேட்டது என் தப்பு.

இப்போது என் படங்களுக்குக் கீழே ‘செல்கள், 21ஆம் நாள்’ என்று எழுதுவதில்லை. ‘கருமை, 21ஆம் நாள்’ என்றே எழுதுகிறேன். புதிதாகச் சேர்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அந்த நீலச் சாயக் கண்ணாடித் துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுத்துக் கொடுத்து, மைக்ரோஸ்கோப் பக்கம் கை காட்டுவேன்.