குண்டு மின்குமிழ் அரசன் வரவு

மின்சாரச் சேமிப்பு என்றால் பள்ளிக்கூடத்தில் உடனே சுவரொட்டி வரையச் சொல்வார்கள், பிள்ளைகளும் ஒரே மின்குமிழை வரைந்து தருவார்கள். மட்டக்களப்பில் கூத்து இருக்கும்போது அது எதற்கு? எங்கள் பிள்ளைகள் அதைக் கூத்தாகவே ஆடினார்கள். வட்டக்களரி என்கிற வட்ட ஆடுகளத்தில் மத்தளம் அதிர, 60 வாட் குண்டு மின்குமிழ் அரசன் வடமோடிப் பாணியில் துள்ளி வந்து "நானே ஒளி" என்று பாட, அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் குறுக்கே வந்து "அரசே, தின்கிற கரண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாகவில்லையே, மிச்சமெல்லாம் சூடுதானே" என்றான் பாருங்கள், சனம் சிரித்து ஓயவில்லை. அப்புறம் 9 வாட் எல்ஈடி இளவரசி, கிட்டத்தட்ட அதே வெளிச்சம்! 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டியதையும் பிள்ளைகளே பாட்டில் சேர்த்துவிட்டார்கள். (விஞ்ஞான ஆசிரியருக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) அடுத்தது கூத்தின் மற்றப் பாணியான தென்மோடியில் அயன்பெட்டி, மெட்டுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பிடிக்க வேண்டும்.