உருளைக்கிழங்கு: விளைச்சல் மண் அணைப்பதில் இருக்கிறது

விதைக்கிழங்குக்கு அடியில் கிழங்கு வைக்காது. அதற்கு மேலே, மண்ணுக்குள் புதைந்த தண்டிலிருந்து பக்கவாட்டில் வெள்ளைக் கொடிகள் ஓடும். அவற்றின் நுனிதான் பருத்துக் கிழங்காகும். இது புரிந்துவிட்டால் மற்ற வேலைகள் ஏன், எப்போது என்பது தானாகவே பிடிபடும்.

சமையலுக்கு விற்கும் கிழங்கில் முளைப்பை அடக்கும் மருந்து பட்டிருக்கலாம், நோயும் தொற்றியிருக்கலாம். விதைக்கிழங்காகவே வாங்குங்கள். முட்டை அளவு, 40–50 கிராம் என்றால் முழுதாக நடலாம். பெரிதாக இருந்தால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது (முளை வரும் குழி) இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை 2–3 நாள் நிழலில் வையுங்கள். ஈரத்தோடு புதைத்தால் அழுகிவிடும். வெட்டுவதற்கு முன்பே, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் கண்கள் மேலே பார்க்கும்படி பரப்பி முளைக்க விடுவது நல்லது. அங்கே முளை குட்டையாக, தடிப்பாக வரும். இருட்டில் வந்த முளை வெளிறி நீண்டு, தொட்டாலே ஒடியும்.

கிழங்கு வைக்க 15–20 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் செடி தளதளவென்று நிற்கும், பறித்துப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது. அதனால் குளிர்ச்சியான மூன்று, நான்கு மாதங்களைக் கணக்கிட்டுத்தான் நட வேண்டும்.

செடி வளர்க்கும் பையில் நடுவதாக இருந்தால், 40 லிட்டர் பைக்கு இரண்டு துண்டு போதும். மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) ஒரு பங்கு. சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டாம், காரத்தன்மை ஏறினால் தோலில் சொறி விழும். பையின் விளிம்பைச் சுருட்டிவிட்டு, 15 செ.மீ. கலவை நிரப்பி, துண்டை வைத்து, மேலே 10 செ.மீ. மூடுங்கள்.

செடி 15–20 செ.மீ. வளர்ந்ததும் மண் அணைக்க வேண்டும். விளிம்பை ஏற்றி, நுனி இலைகள் மட்டும் வெளியே தெரியும்படி கலவையைச் சேர்க்கவும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். தண்டைச் சுற்றி விரிசல் விட்டு உள்ளே கிழங்கின் முதுகு தெரிந்தால் அன்றே மூடிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், சொலனைன் என்ற நச்சு கூடும், வேகவைத்தாலும் அது போகாது. ஆளுயரத்துக்கு அடுக்கடுக்காக மண் போட்டால் அடுக்கடுக்காகக் காய்க்கும் என்பதை நம்பாதீர்கள். பெரும்பாலான குறுகிய கால ரகங்கள் அடித்தண்டிலேயே வைத்து முடித்துவிடும். துண்டுக்கு மேல் 25–30 செ.மீ. மண் தாராளம்.

மொட்டு விடும் சமயத்திலிருந்து தண்ணீர் சீராகப் போக வேண்டும். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், முண்டு முண்டாகும், நடுவில் பொந்து விழும். யூரியா மிஞ்சினால் இலைதான் மிஞ்சும்.

ஈரப்பதமான குளிர் நாட்களில் இலை ஓரம் நீர் கோத்த கரும்புள்ளியும், காலையில் அடிப்பக்கம் வெண்பூசணமும் தெரிந்தால் அது பின்கருகல். அந்த இலைகளை உடனே அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தக்காளிக்கும் இதே நோய் வரும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

ரகத்தைப் பொறுத்து 90–120 நாளில் இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்தி, தண்டை அறுத்துவிட்டு 10–14 நாள் விடுங்கள். பிறகு ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரிந்தால் இன்னும் சில நாள் மண்ணிலேயே இருக்கட்டும். உரியாவிட்டால் எல்லாவற்றையும் எடுத்து, கழுவாமல், காற்றோட்டமான இருட்டில் பத்து நாள் பரப்பி வைத்த பிறகு சேமிக்கலாம். வெட்டுப்பட்டவற்றை மட்டும் முதலில் சமைத்துவிடுங்கள்.