பின்சிறகின் நான்காவது புள்ளி

பூச்சிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், என் படிவத்தில் ‘உணவுத் தாவரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பூச்சி எந்தச் செடியில் உட்கார்ந்து உறிஞ்சினாலும் அதன் பெயரை அங்கே எழுதிவிடுவேன். ஒரு நாள் காய்ந்த கிலுகிலுப்பைச் செடிகளில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

மூத்த ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். “பூவே இல்லாத செடியில இதுங்களுக்கு என்னப்பா சாப்பாடு? பின்சிறகுல புள்ளியை எண்ணிப் பார்த்தியா?”

எண்ணவில்லை, சார்.

பின்சிறகின் நடுப்பகுதியில் பெண்ணுக்கு மூன்று கரும்புள்ளிகள், ஆணுக்கு நான்கு. அந்த நான்காவதுதான் ஆணின் வாசனைப் பை. மறுநாள் போய் எண்ணினால் ஏறக்குறைய எல்லாமே ஆண்கள்! அவை வந்தது பசிக்காக இல்லை. காய்ந்த இலையில் கசியும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுக்காக. பெண்ணைக் கவரும் வாசனையை ஆண் அதிலிருந்துதான் தயாரிக்கிறது. பெண்ணோ முட்டையிட எருக்கைத் தேடிப் போகும். புழு தின்னப்போவது எருக்கிலையை அல்லவா. நான் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்திருந்தேன்.

கொசு விஷயத்தில் இது எல்லோருக்கும் தெரியும்: ரத்தம் குடிப்பது பெண், ஆணுக்குத் தேனும் செடிச்சாறும் போதும். செடி என்று வந்தால் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

அப்புறம் பழ ஈப் பொறிகளைப் பார்க்கும் பொறுப்பு வந்தது. மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் வைத்த பொறி நிறைய ஈக்கள். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். பழங்களிலோ புதுத் துளைகள் விழுந்துகொண்டே இருந்தன. பொறியைக் கொட்டிப் பார்த்தால் உள்ளே முட்டையிடும் ஊசி உள்ள ஈ ஒன்றுகூட இல்லை. துளசியிலும் சில பூக்களிலும் இருக்கும் அந்த மணம் ஆண்களைத்தான் இழுக்கிறது. பெண்ணுக்கு முட்டை முதிரப் புரதம் வேண்டும், இட்டுவைக்கப் பழம் வேண்டும். அதற்காக ஆண்பொறி வீண் என்று சொல்லமாட்டேன். 1960-களில் பசிபிக்கின் ரோட்டா தீவில் இதே பொருளால் ஆண்களை மட்டும் கொன்றே அந்த ஈயை ஒழித்தார்கள். இணையே கிடைக்காத பெண் என்ன செய்யும்? ஆனால் அது தீவு. வெளியிலிருந்து புது ஈ எளிதில் வராது.

இப்போது படிவத்தில் ‘ஆண்/பெண்’, ‘என்ன செய்தது’ என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்திருக்கிறேன். நிரப்ப நேரம் பிடிக்கிறது என்று புதிதாக வருபவர்கள் முணுமுணுக்கிறார்கள். பழைய பதிவேட்டில் ‘உணவுத் தாவரம்: கிலுகிலுப்பை’ என்ற என் வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஆண்கள், உணவுக்கு அல்ல’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.