தோட்டத்துக் குளத்துக்குக் கல்கரை அமைத்த அனுபவம்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் வெட்டலாம் என்று நினைப்பவர்கள் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதிக யோசனை வைத்தது கரைதான். குழி வெட்டி, ரப்பர் விரிப்பு போட்டு, தண்ணீர் நிரப்பினால் குளம் வந்துவிடும். ஆனால் சுற்றிலும் கறுப்பு விரிப்பு சுருக்கம் சுருக்கமாக வெளியே தெரிந்தால் யாருக்கும் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தோன்றாது. அந்த விரிப்பு கண்ணில் படவே கூடாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

அதற்குக் குழி வெட்டும்போதே இடம் விட வேண்டும். விளிம்பைச் சுற்றி 25 செ.மீ. அகலத்துக்கு ஒரு படி வெட்டினேன். தண்ணீர் நிற்கப்போகும் மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இந்தப் படி இருக்க வேண்டும். கரைக்கற்கள் இதில்தான் உட்காரும். கல்லின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள், மேல்பாதி வெளியே. வெயிலில் தண்ணீர் வற்றி மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரிவது ஈரக்கல்தான், ரப்பர் இல்லை. விரிப்பின் மேல் நேராக வெயில் விழாததால் அதன் ஆயுளும் கூடும். படியைக் குளத்தை நோக்கிச் சரிய விடாமல், கரைப்பக்கமாக லேசாகச் சாய்த்து வெட்டினால் கல் வழுக்கிக் குளத்துக்குள் இறங்காது.

அடுத்தது மட்டம். இதில் மட்டும் கண்ணளவை நம்பவே கூடாது. குளத்தைச் சுற்றி முளைக்குச்சிகள் அடித்து, கொத்தனார்கள் பிடிக்கிற மாதிரி உள்ளே தண்ணீர் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் குச்சிகளோடு சேர்த்துப் பிடித்துக் குறித்துக்கொண்டே வந்தேன். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பும் என்பதால், தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுத்தான் குறிக்க வேண்டும். கரை ஒரு பக்கம் 3 செ.மீ. தாழ்ந்திருந்தால் போதும், அங்கே தண்ணீர் வழியும், எதிர்ப்பக்கம் விரிப்பு பட்டையாக வெளியே தெரியும். கல் வைத்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

விரிப்பை உடனே வெட்ட வேண்டாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. நிரம்ப நிரம்ப அந்த எடை விரிப்பை உள்ளே இழுக்கும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, இழுவை நின்ற பிறகுதான் கல் வேலைக்குப் போனேன். ஓரத்தில் 30 செ.மீ.க்கு மேல் விரிப்பை மிச்சம் விட்டிருந்தேன்.

இந்த மிச்சத்தை என்ன செய்கிறோம் என்பதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. பலரும் இதை மண்ணுக்கடியில் படுக்கையாக மடித்துப் புதைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கரைமண்ணும் குளத்துத் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல மண் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். குளம் வற்றும், விரிப்பில் ஓட்டை என்று நினைத்துத் தேடினால் ஓட்டையே இருக்காது. அதனால் கல்லின் முதுகுப்பக்கமாக விரிப்பைச் செங்குத்தாக மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேல் சில செ.மீ. நிற்கும்படி விட்டு, அதற்குப் பின்னால் மண்ணை இட்டுக் கெட்டித்தேன். முன்னால் கல், பின்னால் மண், நடுவில் விரிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

கல் விஷயத்துக்கு வருவோம். கருங்கல், மணற்கல், சிலேட் இவையெல்லாம் பொதுவாகப் பயமில்லாதவை. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் மெதுவாகக் கரைந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். என்ன கல் என்று தெரியாவிட்டால் ஒரு துளி வினிகர் விட்டுப் பார்க்கலாம். நான் எடுத்துவந்த குவியலில் வெள்ளை வரி ஓடிய ஒரு கல் பார்க்க அவ்வளவு அழகு. வினிகர் பட்டதும் அந்த வரியில் மட்டும் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. அதைப் பூச்செடிப் பக்கம் வைத்துவிட்டேன். மற்றவற்றை மண் போகக் கழுவி, ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் மிஞ்சிய விரிப்புத் துண்டையோ கெட்டித் துணியையோ போட்டு உட்கார வைத்தேன். கூர்முனை ஒன்று போதும், விரிப்பைக் கிழித்துவிடும்.

கற்களை அடுக்குவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரே அளவுக் கற்களை வரிசையாக வைத்தால் கட்டிய கரை என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பெரிய கற்களை முதலில், அதுவும் சமமில்லாத இடைவெளியில் வைத்தேன். அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்காவது மற்ற கற்களுக்குள்ளோ கூழாங்கல்லுக்குள்ளோ புதைந்திருந்தால்தான் அங்கேயே கிடந்த கல் மாதிரி இருக்கும். கல்லில் ஓடுகிற வரிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் படுத்திருக்கும்படியும் பார்த்துக்கொண்டேன். சிமென்ட் இல்லாமல் சும்மா அடுக்கி, நாம் உட்காரப்போகும் இடத்திலிருந்து பார்த்து, மாற்றி, மறுபடி பார்த்து... இதில் அவசரப்படவே தேவையில்லை. இடுக்குகளில் சின்னக் கற்களைச் செருகினால் எல்லாம் இறுகிவிடும்.

ஆள் வந்து நிற்கிற பக்கத்துக்கு மட்டும் பலகைக்கல். அதில் பெரும்பகுதி தரையில் இருக்க வேண்டும். தண்ணீர்ப்பக்கம் 4, 5 செ.மீ. நீட்டினால் போதும். அதற்கு மேல் நீட்டினால் விளிம்பில் கால் வைத்ததும் கல் கவிழும். குழந்தைகள் முதலில் ஓடிவருவது அங்கேதான். அந்தக் கற்களுக்கு மட்டும் சிமென்ட் கலவை வைத்தேன், அதுவும் விரிப்புக்கு வெளியே, தரைப்பக்கத்தில். புதுச் சிமென்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மீனுக்கு ஆகாது.

ஒரு பக்கம் முழுக்கக் கல் வைக்காமல் கூழாங்கல் சரிவாக விட்டேன். தவளை ஏறி இறங்க, குருவி நின்று குடிக்க, தவறி விழுந்த ஓணான் வெளியே வர அது வேண்டும். செங்குத்தான கரை இவற்றுக்குப் பொறிதான். சரிவின் அடியில் ஒரு வரிசை பெரிய கல் தடுப்பாக இருந்தால் கூழாங்கல் ஆழத்துக்கு உருளாது. அந்தத் தடுப்பில் அங்கங்கே இடைவெளி விட்டிருக்கிறேன். ஆழமில்லாத தண்ணீரில்தான் கொசுப்புழு சேரும்; சின்ன மீன்கள் அங்கே வந்துபோக வழி இருக்க வேண்டும்.

சுற்றியுள்ள தரையைவிடக் கரை ஒரு 5 செ.மீ. உயரமாக இருந்து, வெளிப்பக்கமாகச் சரிந்தால், மழைத்தண்ணீர் மண்ணையும் உரத்தையும் அடித்துக்கொண்டு குளத்துக்குள் வராது. உரம் இறங்கினால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

அப்புறம் செடிகள். கல்லுக்குப் பின்னால் ஈரத்துக்கு வல்லாரை, தண்ணீருக்குள் இருக்கும் படியில் சின்னத் தொட்டிகளில் வசம்பும் கோரையும். வல்லாரை கற்களின் மேல் படர்ந்து கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த கோட்டை மறைத்துவிட்டது. ஆனால் அதன் வேரும் கொடியும் விரிப்பின் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினால் அதுவும் தண்ணீரை மண்ணுக்கு இழுக்கும். அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். மிச்ச விரிப்பை அறுத்தது கடைசி வேலை. ஒரு நல்ல மழையைப் பார்த்து, எந்தக் கல்லும் நகரவில்லை, எந்தப் பக்கமும் தாழவில்லை என்று உறுதியான பிறகுதான் கத்தியை எடுத்தேன்.