காசு கொடுத்து வாங்கிய பாட்டுதான் கிளவுடுக்குப் போகவில்லை

அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, 2006, 2007 வாக்கில், ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடையில் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று நிறைய வாங்கி வைத்திருந்தேன். அதையெல்லாம் போனிலும் கேட்கலாமே என்று போன வருடம் இணையத்தில் பாட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிளவுட் நூலகத்துக்கு ஏற்றினேன். சிடியிலிருந்து எடுத்த எம்பி3 எல்லாம் ஒழுங்காகப் போய்விட்டன. காசு கொடுத்து வாங்கியவற்றில்தான் பாதி காணோம். பிழைச் செய்திகூட வரவில்லை.

காரணம் டிஆர்எம் பூட்டு, அதாவது வாங்கியவர் கணக்கைத் தாண்டிப் பாடாதபடி கோப்பிலேயே போட்டிருக்கும் பூட்டு. கோப்பின் பெயர் எம்4பி என்று முடிந்தால் பூட்டு உண்டு, எம்4ஏ என்றால் இல்லை. 2007இல் பெரிய இசை வெளியீட்டு நிறுவனங்களில் இஎம்ஐ முதலில் பூட்டில்லாமல் விற்கச் சம்மதித்தது. 2009இல் மற்ற பெரிய நிறுவனங்களும் வழிக்கு வந்தன. அதனால் சிக்கல் பெரும்பாலும் அதற்கு முன் வாங்கியவற்றில்தான். கணினியில் பாட்டுப் பட்டியலை 'கைண்ட்' வாரியாக அடுக்கினால் 'புரொடெக்டட்' என்பவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

பூட்டில்லாத பிரதியை மறுபடி இறக்க, வாங்கிய கணக்கு வேண்டும். அடுத்த தலைவலி, அது எந்தக் கணக்கு என்பது. பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'கெட் இன்ஃபோ' பார்த்தால் வாங்கியவர் பெயரும் கணக்கின் மின்னஞ்சலும் அதிலேயே இருக்கும். என்னுடையதில் எப்போதோ விட்டுவிட்ட ஒரு இணைய இணைப்பின் முகவரி இருந்தது. கடவுச்சொல்லை மாற்ற அந்த முகவரிக்குத்தான் கடிதம் போகும்! வாடிக்கையாளர் சேவையில் பழைய பில்லிங் விவரம் எல்லாம் சொல்லித்தான் கணக்கு கைக்கு வந்தது.

வந்ததும் வேலை சுலபம். பழைய கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, நூலகத்திலிருந்து நீக்கி, 'வாங்கியவை' பட்டியலிலிருந்து மறுபடி இறக்கினேன். அதே பாட்டு பூட்டில்லாமல் வந்தது, அதுவும் ஒலித்தரம் 128 கேபிபிஎஸ் இருந்த இடத்தில் 256. ஒரு பைசா செலவில்லை.

கடையிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்ட பாட்டுகளுக்கு இந்த வழி நடக்காது. பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன, அமெரிக்கச் சட்டம் அதை ஏற்பதில்லை. ஆனால் ஆடியோ சிடியாக எழுத அந்தக் காலத்திலேயே கடை அனுமதித்திருந்தது. யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, எழுதி, அதே கணினியில் திரும்ப எடுத்தேன். எடுக்கும்போது லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காத வடிவம், வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுருக்கிய பாட்டை இன்னொரு முறை சுருக்கினால் டிரம்ஸில் வரும் சிம்பல் தட்டின் ஒலியெல்லாம் சலசலவென்று கேட்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மாதச் சந்தாவில் இறக்கும் பாட்டும் எம்4பி-தான். நூலகத்தில் பார்க்க வாங்கியது போலவே இருக்கும், சந்தா நின்றால் பாடாது. அதை நம்பி கையிலிருக்கும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். கச்சேரிப் பதிவு இருந்த இடத்தில் ஸ்டூடியோ பதிவை மாட்டிவிடும் வேலையும் நம் பாட்டைத் தங்களிடம் உள்ள பாட்டோடு பொருத்திப் பார்க்கும் கிளவுட் சேவைகளில் நடப்பதுண்டு.