இரண்டு அறைகளுக்கு நடுவே தொலைந்துபோகிறவர்கள்

எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராகப் பணியில் சேர்ந்த நான், சில ஆண்டுகளுக்குப் பிறகு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக, எங்களுக்குள் சொல்லிக்கொள்வதுபோல் கேஸ் மேனேஜராக மாறினேன். ஆலோசகராக இருந்த காலத்தில், என் அறைக்கு வருகிறவரிடம் பொறுமையாகப் பேசி, அவருடைய அச்சத்தைக் கேட்டு, மருந்தை ஏன் விடாமல் சாப்பிட வேண்டும் என்று விளக்கி அனுப்பினால் என் கடமை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். சிகிச்சைக்கு வராமல் நின்றுபோனவர்களின் பட்டியலை ஒருநாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மருத்துவர் சரியாக எழுதியிருந்தார், ஆய்வகம் முடிவை அனுப்பியிருந்தது, மருந்தகம் மாத்திரையை எடுத்து வைத்திருந்தது, என்னுடைய ஆலோசனைக் குறிப்பிலும் குறையில்லை. அப்படியிருந்தும் அந்த மனிதர் வரவில்லை. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வழியில் அவர் தொலைந்திருந்தார். அந்த வழி யாருடைய பொறுப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கேஸ் மேனேஜ்மென்ட் என்பது அந்த வழிக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது. இது புதிய சிந்தனையும் அல்ல. 1983இல் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென 5பி என்ற வார்டு திறக்கப்பட்டபோது, கொடுப்பதற்கு மருந்தே இல்லை. முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல்தான் அனுமதி பெற்றது. மருந்தில்லாத அந்த ஆண்டுகளில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், தன்னார்வலர் எல்லோரும் ஒரே நோயாளியைச் சுற்றி நின்று, அவர் தங்க இடம் இருக்கிறதா, கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். 1990இல் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் பராமரிப்புக்காக அமெரிக்காவில் நிறைவேறிய ரயன் ஒயிட் சட்டத்தின்கீழ் கேஸ் மேனேஜ்மென்ட்டுக்கும் நிதி கிடைத்தது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் மருந்து கைக்கு வந்தவுடன், பல இடங்களில் மருந்தைக் கொடுப்பதே பராமரிப்பு என்று ஆகிவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்று பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதும். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே இன்னொருவருக்குத் தொற்று பரவுவதில்லை. ஆனால் அந்த மாத்திரை வாழ்நாள் முழுவதற்குமானது. தொற்றுள்ளவர்களில் 95 சதவீதம் பேர் தம் நிலையை அறிந்திருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் எய்ட்ஸ் அமைப்பு 2025ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கு. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், இலக்கை முழுமையாக எட்டிய இடத்திலும் நூறு பேரில் ஏறத்தாழ 86 பேருக்குத்தான் வைரஸ் கட்டுப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்று உறுதியான சிலருக்குச் சிகிச்சை மையங்களின் முகவரித் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். சிலருக்கு 90 நாட்களுக்குள் ஐந்து முறை வரை கூடவே இருந்து உதவ ஒரு கேஸ் மேனேஜரைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் மருத்துவரைப் பார்த்தவர்கள் முதல் குழுவில் 60 சதவீதம், இரண்டாவது குழுவில் 78 சதவீதம். ஐந்து சந்திப்புகளுக்கே இந்த வேறுபாடு.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு, அதுவரை கட்டுக்குள் இருந்த வைரஸ் அளவு, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. நல்ல சிகிச்சையில் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வாரமும் முக்கியம். மாத்திரையைத் தவறவிடுகிறாரா என்று பார்க்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார். ஒரு நாளும் தவறவிடவில்லை என்கிறார் என்று ஆலோசகர் எழுதியிருந்தார். குறித்த தேதியில் வந்து வாங்குகிறார், மீதி மாத்திரைக் கணக்கும் சரியாக இருக்கிறது என்று மருந்தாளுநர் எழுதியிருந்தார். மூன்று குறிப்புகளும் மூன்று கோப்புகளில் கிடந்தன. அந்தப் பெண் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட அதிக நேரம் ஆகியிருக்காது.

வாராந்திரக் கூட்டத்தில் அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தோம். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று மருந்தாளுநர் கேட்டார். எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவரும் எங்கள் களப்பணியாளருமான ஒரு பெண், அதுவரை ஓரமாக அமர்ந்திருந்தவர், கருவுற்றிருந்த அந்தப் பெண் தன் வீட்டில் ஒரு சிறிய டப்பாவில் இரண்டு வகை மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அவற்றில் ஒன்று, மகப்பேறு மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. எங்களிடம் அவர் வாங்கிய மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் போன்றவற்றோடு சேர்த்து விழுங்கினால் அவை அம்மருந்தைக் குடலிலேயே பற்றிக்கொள்வதால் இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடும்.

கருவுற்றிருந்த அந்தப் பெண்ணிடம் நான் போய்க் கேட்டேன். விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன் இரண்டையும் ஒன்றாக விழுங்குவதாகச் சொன்னவர், சற்று நிறுத்தி, "யாராவது பார்த்தாலும் சத்து மாத்திரைன்னு சொல்லிக்கலாம்ல அக்கா" என்றார். இரும்புச்சத்து மாத்திரைதான் அவருக்கு மறைப்பு. எந்தக் கோப்பிலும் இல்லாத அந்த ஒரு வரியைக் கேட்காமல், "இரண்டையும் பிரித்துச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் உத்தரவிட்டிருந்தால், எதை அவர் விட்டிருப்பார் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. டப்பா அப்படியே இருக்கட்டும், எங்கள் மாத்திரை விடியற்காலையிலேயே இருக்கட்டும், இரும்புச்சத்தை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் இரவில் சாப்பிடுங்கள் என்று முடிவாயிற்று. சில வாரங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் அளவு 50க்கும் கீழே வந்திருந்தது.

ஆனால் கூட்டம் போட்டாலே இது நடந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆளுக்கு ஒரு பட்டியலை வாசித்துவிட்டு எழுந்துபோகும் கூட்டங்களிலும் நான் அமர்ந்திருக்கிறேன். அவற்றால் ஒரு நோயாளிக்கும் நன்மை விளைந்ததில்லை. களப்பணியாளர் பேசும்போது மருத்துவர் பேனாவை எடுத்து எழுதுகிறாரா என்பதையே நான் முதலில் கவனிப்பேன், ஏனெனில் வீட்டுக்குள் இருப்பதைப் பார்த்தவர் அந்த மேசையில் அவர் ஒருவர்தான். அதேபோல் ஒவ்வொரு பெயரும் பேசி முடிக்கப்படும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும், யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் எழுதப்பட்டாக வேண்டும். "பின்தொடர வேண்டும்" என்று மட்டும் எழுதப்பட்ட வரிகளை யாரும் பின்தொடர்ந்ததில்லை.

இரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவாகப் பார்ப்பது என்றால் நோயாளியின் வாழ்க்கை முழுவதையும் எல்லோர் முன்னும் விரித்து வைப்பது என்று பொருளாகாது. என்னிடம் நம்பிச் சொன்னதை எவரிடம், எதற்காகச் சொல்லலாம் என்று அவரிடமே முதலில் கேட்டுவிடுவேன். அந்தப் பெண்ணின் மறைப்பைப் பற்றிக் குழுவில் பேச அவரே ஒப்புதல் தந்தார். ஆனால் மகப்பேறு மருத்துவமனைக்கு யார் வழியாக, எப்படித் தெரிவிப்பது என்பதை அவர் முடிவு செய்ய இரண்டு சந்திப்புகள் தேவைப்பட்டன. நாங்கள் காத்திருந்தோம். மருந்தை எண்ணிக் கணக்குக் கேட்கும் காவலராக நான் மாறிவிட்டால், அடுத்த முறை அவர் எண்ணிக்கையைச் சரியாக வைத்துக்கொண்டு உண்மையை மட்டும் மறைத்துவிடுவார்.

ஒரு கேஸ் மேனேஜரிடம் அளவுக்கு மீறிப் பெயர்களை ஒப்படைத்தால் இவை எதுவும் நடக்காது என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். எல்லோருக்கும் ஒரே அளவு கவனம் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் வைரஸ் கட்டுக்குள் இருப்பவருக்குச் சில மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்து நிம்மதியாக அனுப்பலாம். அப்படி மிச்சமாகும் நேரம், இந்த வாரம்தான் தொற்று உறுதியானவருக்கும், நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளையணுக்களான சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கியவருக்கும், கருவுற்றவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டது. ஆறாவது வாரப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறார், ஆகவே 18ஆம் மாதப் பரிசோதனை வரை உறுதியாகச் சொல்ல முடியாது. பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே, பொறுப்பாளர் என்ற இடத்தில், என் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.