புக்சோனின் கூரைகளும் ஒரு அகராதியும்

சியோலின் புக்சோன் பகுதிக்குப் போக அங்குக் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது, ஹான்பொக் எனப்படும் கொரிய மரபு உடையை வாடகைக்குத் தரும் கடைகள்தான். மணிக்கணக்கில் வாடகை. தொங்கவிட்டிருக்கும் உடைகளில் பெரும்பாலானவை பளபளக்கும் துணியில், உள்ளே வளையம் வைத்து விரித்த பாவாடையோடு இருக்கின்றன. படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இது எங்கள் மரபு உடையே இல்லை என்று வருந்தும் கொரியர்கள் உண்டு. அரசின் பாரம்பரியத் துறையே 2024இல் இந்தக் கவலையை வெளிப்படையாகப் பேசியது. எனக்கு வளையம் இல்லாத, மினுமினுப்பு இல்லாத ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்கார அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய், இளமஞ்சள் மேல்சட்டையும் கருநீலப் பாவாடையும் எடுத்து வந்தார்.

பாவாடைக்குச் சிமா என்று பெயர். அதை இடுப்பில் கட்டுவதில்லை, மார்புக்கு மேலே சுற்றிக் கட்டுகிறார்கள். அங்கிருந்து பாதம் வரை துணி தாராளமாக இறங்குகிறது. அதன்மேல் ஜொகோரி என்ற குட்டைச் சட்டை. பொத்தான் கிடையாது, கோரும் எனப்படும் இரண்டு நீளப் பட்டைகளைச் சேர்த்து, ஒரு பக்கம் மட்டும் சுருக்கு தெரியும்படி முடிய வேண்டும். முடிச்சு அவருக்குத் திருப்தியாக வரும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். கல்யாண வீட்டில் புடவைக் கொசுவம் சரி செய்யும் அத்தைகளின் அதே பொறுமை. போட்டு நடந்தபோதுதான் புரிந்தது: உடம்பை எங்கேயும் இறுக்காத உடை இது. தரையில் சம்மணமிட்டு உட்காரும் மக்களுக்கு இதைவிட வசதியானது இருக்க முடியாது.

புக்சோன் என்பது கியொங்பொக்குங், சாங்டொக்குங் என்ற இரண்டு அரண்மனைகளுக்கு நடுவில் உள்ள மேட்டுப் பகுதி. கொரியாவை ஜோசன் அரச மரபு ஆண்ட காலத்தில் உயர்குடி அதிகாரிகள் இங்கே வாழ்ந்தார்கள். புக்சோனின் காஹே-டாங் பகுதிச் சந்துகளில் ஏறும்போது இருபுறமும் நெருங்கி நிற்கும் சாம்பல் நிற ஓட்டுக் கூரைகளைப் பார்த்தால், எல்லாம் அந்தக் காலத்து வீடுகள் என்றே தோன்றும். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை 1920கள், 30களில் எழுந்தவை.

அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. நகரின் தெற்கே குடியேறியிருந்த ஜப்பானியர்கள் வடக்கிலும் இடம் பிடிக்கத் தொடங்கினார்கள். ஜொங் செ-க்வோன் என்ற கட்டடத் தொழிலதிபர் பழைய மாளிகை மனைகளை வாங்கி, சிறு சிறு துண்டுகளாக்கி, நடுவில் முற்றம் வைத்த ஹானொக் என்ற கொரிய மரபு வீடுகளை வரிசையாகக் கட்டினார். தரைக்கடியில் சூடு ஓடும் ஓந்தோல் அப்படியே இருந்தது. கண்ணாடிக் கதவு புதிதாக வந்தது. முழுப்பணம் இல்லாத கொரியர்களுக்குத் தவணையில் கொடுத்தார். இன்று உலகமே படம் எடுக்கும் அந்தச் சரிவு, சொந்த நகரத்தில் சொந்த மக்கள் தங்கியிருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் நினைத்ததன் விளைவு. சுற்றுலாக்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? தெரிய வேண்டிய பெயர்.

அவர் அதோடு நிற்கவில்லை. பக்கத்து ஹ்வா-டாங்கில் ஒரு கட்டடத்தை 1935இல் கொரிய மொழிச் சங்கத்துக்குக் கொடுத்தார். அங்கேதான் கொரிய அகராதி வேலை நடந்தது. 1942இல் ஜப்பானியக் காவல்துறை சங்கத்தாரைக் கைது செய்தது. சிறையில் இருவர் இறந்தார்கள். ஜொங் செ-க்வோனும் சித்திரவதைக்கு ஆளானார். பறிபோன கையெழுத்துப் படிகள் விடுதலைக்குப் பிறகு, 1945இல், சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தன. 1947இல் அகராதியின் முதல் தொகுதி வெளிவந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சந்துகளில் நடக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கூட்டமும் சத்தமும் தாங்காமல் பலர் வெளியேறிவிட்டார்கள். அதனால் நெரிசல் மிகுந்த பகுதிக்குள் காலை 10 முதல் மாலை 5 வரைதான் சுற்றுலாக்காரர்கள் போகலாம். மீறினால் 1,00,000 வோன் அபராதம் என்பது 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

அப்புறம், ஹான்பொக் அணிந்து போனால் கியொங்பொக்குங் அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செவ்வாய்க்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. எல்லோரும் உடை மாற்றியதும் நேராக அங்கேதான் போகிறார்கள். நீங்கள் காலையிலேயே புக்சோன் ஏறிவிடுங்கள், இறங்கும்போது ஹ்வா-டாங் வழியாக வாருங்கள். அரண்மனைக்கு மதியம் போனாலும் நேரம் இருக்கும்.